இரவல் நூலகங்களும் எமது பொறுப்பும்

"கருவி பார்த்துக்கொள்ளும்" என்பது யாவா மொழியில் வலைச் செயலிகளை ஆக்குவோர் பலரது வாயிற் பயிலும் வாக்கியம். மேவன் என்னும் கருவியின் திட்டக் கோப்பில் ஒரு நிரல் நூலகத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் எழுதினாற் போதும். அதுவும், அது சார்ந்து நிற்கும் நூலகங்களும், அவை சார்ந்தவையும் தாமே வந்து சேரும். இவ்வசதியை யாம் பழிக்கவில்லை. வசதியையே அறிவெனக் கொள்ளும் மனப்பான்மையைத்தான் கண்டிக்கின்றோம்.

ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் வெவ்வேறு வழிகளில் வந்து மோதின், மேவன் எதனைத் தெரிகின்றது? புதியதை என்பர் பலர். அது தவறு. சார்பு மரத்தில் எமது செயற்றிட்டத்துக்கு அண்மையில் நிற்பதையே அது தெரிகின்றது; இரண்டும் சம தூரத்தில் நிற்பின், முன்னர் எழுதப்பட்ட சார்பின் வழி வந்தது வெல்லும். இவ்வாறு பழைய பதிப்பு வென்றுவிடின், தொகுக்கும் வேளையிற் பிழையெதுவும் தோன்றாமல், ஓடும் வேளையிற் செயலி வீழ்தலும் கூடும்.

வீழ்தலினும் கொடியது ஊடுருவல். 2021 டிசெம்பரில், லொக்ஃபோர்ஜே என்னும் நிகழ்வுப்பதிவு நூலகத்தின் குறை வெளிப்பட்டது. பதிவில் எழுதப்படும் ஒரு சொற்றொடரைக் கொண்டே அந்நியர் தம் நிரலைச் சேவையகத்தில் இயக்கலாம் என்பது தெரிந்தது. அந்நூலகம் பல செயற்றிட்டங்களின் கோப்பிற் பெயர்கூடக் காணப்படாது, பிறிதொரு நூலகத்தின் வழியாகவே உட்புகுந்திருந்தது.

பெயர் தெரிந்திருத்தல் மாத்திரமும் போதாது. ஸ்ட்ரட்ஸ் என்னும் வலைச் சட்டகத்தின் குறைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வெளிவந்தது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமாகிய ஈக்குவிஃபக்ஸ் அத்திருத்தத்தை உரிய காலத்தில் இடவில்லை. ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் மக்களின் விவரங்கள் களவுபோயின.

"ஓடுவதைத் தொட்டாற் குலையும்" என எதிர்வாதம் புரிவோர் உளர். குலையலாம், அதனாலேயே சோதனை நிரல்கள் வேண்டும். சோதனையிற் குலைந்தது எமது உழைப்பை மாத்திரமே கேட்கும். தொடாது விட்டதன் விலையை எம்மை அறியாத மக்கள் செலுத்துவர்.

ஆதலின் மாணவரே, சார்பு மரத்தை அச்சிட்டு வரிவரியாகப் படியுங்கள். பதிப்பெண்களை ஓரிடத்திற் குறித்து நிலைப்படுத்துங்கள். பயன்படாதவற்றை நீக்குங்கள். விரிவுரையாளர்களும், செயலி ஓடுகின்றதா என்பதோடு நில்லாது, அதனுள் இருப்பவை எவை, ஏன் என வினவிப் புள்ளியிட வேண்டும். விடை கூற இயலாத மாணவனின் செயற்றிட்டம் நிறைவெய்தியதாக எவ்வாறு கொள்வது?