ஆண்களும் கிளினிக் படியேற வேண்டும்



தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் எனும் கிரந்தி நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. அந்தப் பெயரை வாங்கித் தந்தவர்கள் கர்ப்பவதி கிளினிக்கில் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்த தாய்மார். நமது தோட்டத்துத் தாய்மாரும் அவர்களில் அடக்கம். அவர்களுடைய கணவன்மாரில் எத்தனை பேர் அப்படிக் கை நீட்டினார்கள்?

சிறுநீர் கழிக்கும்போது எரிவு, சீழ், விதையில் வீக்கம் என்று வந்தால் ஆண்கள் வாய் திறப்பதில்லை. வெயில் சூடு என்று இளநீர் குடிக்கிறார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் நாலு கப்சூல் வாங்குகிறார்கள். எரிவு குறையும், கிருமி உள்ளே இருக்கும். அரைகுறை மருந்துக்கு அது பழகியும் விடும். பிறகு பரிசோதித்தால் பிடிபடாமலும் போகலாம். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை.

பரிசோதனை பெரிய காரியமல்ல. சீழ் இருந்தால் ஒரு துளி எடுத்துச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். வெட்டை நோய்க் கிருமி அதில் தெரியும். கிளமிடியா அப்படித் தெரியாது. அதை முதலில் வரும் சிறுநீரில் தேடுவார்கள். அதனால் ஒரு மணித்தியாலமாவது சிறுநீர் கழிக்காமல் போவது நல்லது. கிரந்திக்கு இரத்தம் போதும். நோய் இருந்தும் ஒரு குறியும் காட்டாதவர்கள் பலர்.

எல்லாத் தொற்றும் பாலுறவால் வருவதல்ல. சாதாரண சிறுநீர்க் கிருமியும் விதைப் பக்கம் போய் வீக்கம் தரும். எது என்று ஆய்வுகூடம் சொல்லட்டும். அதற்கு முன் வீட்டில் சந்தேகமும் சண்டையும் வேண்டாம். பாலுறவால் வந்ததென்றால் கணவன், மனைவி இருவருக்கும் மருந்து வேண்டும். ஒருவர் மட்டும் குடித்தால் மற்றவரிடமிருந்து திரும்பத் தொற்றும்.

பிள்ளை இல்லையென்றால் பழி பெண் தலையில்தான் விழுகிறது. கவனிக்காமல் விட்ட தொற்று ஆணின் விந்துக் குழாயை அடைத்துவிடலாம் என்பதையும் மாமிமார் அறிந்துகொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் இவை இலவசம். யாருடைய கடிதமும் தேவையில்லை. விபரம் வெளியே போகாது. ஆனால் கல்குடாவிலிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும். நாட்சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டில் ஒரு நாள் என்பது ஒரு நாள் சோறு.

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான்: கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. போய்வந்த சீட்டே போதும். என்ன நோய் என்று கணக்கப்பிள்ளை கேட்கக்கூடாது.

இந்தக் கோரிக்கைக்காக நாம் நிற்போம். ஆண் தோழர்களே, வெட்கத்தைத் தள்ளிவைத்து நீங்கள் கிளினிக் வரிசையில் நில்லுங்கள்.