பகலில் மிஞ்சும் மின்சாரமும் டீசல் ரயிலும்

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு கைவிரித்தபோது, கார் வைத்திருந்தவர்களும் ரயில் மிதிபலகையில் தொங்கித்தான் வேலைக்குப் போனார்கள். அந்த ரயில் ஓடியதும் டீசலில். எண்ணெய்க் கப்பலுக்கு டொலர் இல்லாத நாட்டில், கடைசிக் கைகொடுப்பும் அதே கப்பலையே நம்பியிருந்தது. இலங்கையின் ரயில் பாதையில் ஒரு கிலோமீற்றர்கூட இன்னும் மின்மயமாகவில்லை.

நமது எஞ்சின்கள் பலவற்றில் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்ற, அதில் பிறக்கும் மின்சாரமே அச்சுகளிலுள்ள மோட்டார்களை ஓட்டுகிறது. கையோடு ஒரு டீசல் மின்நிலையத்தைச் சுமந்துகொண்டே ரயில் மலையேறுகிறது. அதே நாட்டில்தான் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்பாவனை குறைந்ததால், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கச் சொன்னது மின்சார சபை.

விடுமுறை உபரியை நம்பி ரயில் விட முடியாதுதான். நுரைச்சோலை மின்நிலையத்துக்கு வரும் நிலக்கரிக்கும் டொலர் வேண்டும். ஆனால் மின்சாரத்துக்கு நீர், காற்று, வெயில் என்று மாற்று வழிகள் உண்டு, டீசலுக்கு இல்லை. மின்கட்டமைப்பு பலவீனமானது என்பதும் உண்மைதான். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார். குரங்குக்கே தாங்காத மின்கட்டமைப்பை ரயில் வந்தாலும் வராவிட்டாலும் பலப்படுத்தியே ஆகவேண்டும்.

நமக்கு ஆத்திரம் வருவது வடக்குப் பாதையை நினைத்தால். போரில் அழிந்த ஓமந்தை–காங்கேசன்துறைப் பாதையை இந்தியக் கடனில் புதிதாகப் போட்டு 2015இல் முடித்தோம். பிறகு மாகோ–ஓமந்தையையும் இந்தியக் கடனிலேயே புதுப்பித்தோம். கடன் தந்த நாடு தன் அகலப்பாதைகள் ஏறக்குறைய அனைத்தையும் 25,000 வோல்ட் கம்பியின் கீழ் கொண்டுவந்துவிட்டது. அதன் தண்டவாள அகலமும் நம்முடையதும் ஒன்றே: ஐந்தரை அடி. மேசையில் உட்கார்ந்தபோதே மின்கம்பியையும் கேட்டிருக்க வேண்டாமா?

பணம் இல்லை என்பார்கள். எல்லாப் பாதையையும் ஒரேயடியாகக் கேட்கவில்லை. சுரங்கங்கள் நிறைந்த மலையகப் பாதை கடைசியில் வரட்டும். பல காலமாகக் கோப்பில் உறங்கும் பாணந்துறை–வெயங்கொடை மின்மயத் திட்டத்தை முதலில் எடுக்க வேண்டும். அலுவலகக் கூட்டம் அங்கேதான். இனிக் கட்டும் மேம்பாலம் ஒவ்வொன்றும் மின்கம்பிக்கு உயரம் விட்டு எழ வேண்டும். 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 எஞ்சின்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. இன்று வாங்கும் டீசல் எஞ்சினும் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை எண்ணெய் கேட்கும். ஆகவே அடுத்த எஞ்சின் கொள்வனவுக்குக் கையெழுத்திடும் முன், எந்தப் பாதை எந்த ஆண்டில் மின்மயமாகும் என்ற அட்டவணையைப் போக்குவரத்து அமைச்சு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.