அரசாங்கத் தோம்பில் எழுதிய விசுவாசம்

எம்மவருட் சிலர், அவருள்ளும் வைத்தியத்திலும் சட்டத்திலும் பொறியியலிலும் பெயர் பெற்ற கிறிஸ்தவ அன்பர் சிலர், அண்மைக் காலமாக ஒரு புதுப் பேச்சுப் பேசி வருகின்றனர். ஐக்கிய அமெரிக்காவிலே கிறிஸ்தவர்கள் விழித்துக்கொண்டார்களாம். நாட்டைக் கிறிஸ்தவ நாடாக்குதற்கென அரசியலில் இறங்கிவிட்டார்களாம். குடும்பத்தையும் ஒழுக்கத்தையும் காப்பதற்கு அதுவே வழியாம். ஞாயிறு ஆராதனை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும் இதனைக் கேட்கின்றோம். மரண வீட்டுப் பந்தலிலும் கேட்கின்றோம். பேசுவோரின் கண்களில் ஒளி வீசுகின்றது. அந்த ஒளியை அணைப்பது எமது நோக்கமன்று. ஆயினும் யாழ்ப்பாணத்தவனாய்ப் பிறந்தவன் ஒருவன் இப்பேச்சைக் கேட்டுத் தலையசைக்குமுன் தன் வீட்டுப் பழங்கதையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகின்றோம். நாம் பழமையை இகழ்வோர் அல்லேம். திருமணம் ஆயுள்வரை நிலைக்கும் உடன்படிக்கை என்பதிலும், பிள்ளையை எந்நெறியில் வளர்ப்பதென்று தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு முதலும் அரசாங்கத்துக்குப் பின்னும் உரியது என்பதிலும், கருவிலிருக்கும் உயிரும் உயிரே என்பதிலும் எமக்கு ஐயமில்லை. மாலையில் விளக்கேற்றி வேதம் வாசிக்கும் வீடு கெட்டுப்போகாது என்று நம்பும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே நாம். ஆகவே இது வீட்டுக்குள் நடக்கும் வழக்கு. அந்நம்பிக்கைகளைக் காக்கும் காவலாளியாக அரசாங்கத்தை நியமிக்கலாமா என்பதே கேள்வி.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களோடு வந்த போதகர் பிலிப்பு பல்தேயு எழுதி வைத்த கணக்கின்படி, ஐந்தே ஆண்டுகளில், 1663 அளவில், இக்குடாநாட்டிலே கிறிஸ்தவராக எண்ணப்பட்டோர் 60,000 பேருக்கு மேற்பட்டவர். கேட்போர் வியப்பர். ஆனால் அந்தத் தொகை எப்படிச் சேர்ந்தது? ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை. சீர்திருத்தச் சபையின் விசுவாசப் பிரமாணத்தை ஏற்காதவன் முதலியாராகவோ உடையாராகவோ வர முடியாது. பிறப்பும் திருமணமும் பாடசாலைத் தோம்பிலே பதியப்படல் வேண்டும். பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்குத் தண்டம். பாடசாலையே கோவில், சட்டம்பியாரே உபதேசியார், அவரே பதிவுகாரர். காணிக்கும் முதுசத்துக்கும் பத்திரம் தேடும் கமக்காரன் என்ன செய்வான்? தலையைக் குனிந்து தண்ணீரை வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து விரதமும் பிடித்தான்; விரதத்துக்குச் சோறிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் ஆட்கண்டுவிடுவர் என்று கூரையிலே செருகி மறைத்தான் என்று எமது கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இப்படி ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகள் நடந்தன. 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர், கட்டாயம் நீங்கியது. தோம்பிலே எழுதிய கிறிஸ்தவர்கள் எங்கே? 1806 இல் இங்கு வந்த குளோடியசு புக்கானன் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் கண்டவை பாழடைந்த கோவில்களே. பத்தாண்டுகள் கழித்து, 1816 முதல், அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறியபோது, கூரையிழந்து நின்ற பழைய சுவர்களைத் திருத்தியே தொழிலைத் தொடங்கினர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அரசாங்கம் ஊட்டி வளர்த்த விசுவாசம் அரசாங்கம் மாறியதும் ஒரு தலைமுறைக்குள் காற்றோடு போய்விட்டது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு; அதுவே எம்மை அதிகம் சிந்திக்கச் செய்கின்றது. அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டிருந்தது. குருமார் துரத்தப்பட்டனர், பூசை நடந்த வீடுகள் சோதனையிடப்பட்டன. 1687 இல் யோசேவாஸ் முனிவர் கோவையிலிருந்து கூலியாளைப் போல வேடந்தாங்கி யாழ்ப்பாணத்திலே வந்திறங்கினார். சில்லாலையிலே மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்னர் அவர் கண்டிக்குச் சென்றபோது முதலிற் சிறையிலிட்டுப் பின்னர் அவருக்குச் சுதந்திரம் அளித்தவன் ஒரு பௌத்த அரசன் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவ அரசாங்கம் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த இராச்சியம் நிழல் கொடுத்தது! இவரையே 2015 சனவரியில் காலிமுகத் திடலிற் பாப்பரசர் பிரான்சிசு புனிதராக உயர்த்தினார். அரசாங்கத்தின் அணைப்பிலிருந்த சபை அழிந்தது. அரசாங்கத்தின் பகைக்கு ஆளான சபை சில்லாலையிலும் மன்னாரிலும் கடற்கரைக் கிராமங்களிலும் இன்றுவரை நிற்கின்றது. அடுப்பங்கரையிலே தாய்மார் சொல்லிக்கொடுத்த செபத்தை எந்தத் தோம்பும் பதிந்ததில்லை. ஆதலால் எந்த ஆட்சி மாற்றமும் அழித்ததுமில்லை. வேலிக்கு ஊன்றும் கதியாலைக் கமக்காரர் அறிவர். பச்சைக் கதியால் வேர்விட்டுத் தளிர்க்கும். செதுக்கிய கட்டை எவ்வளவு நேராக நின்றாலும் கறையான் வந்துவிடும்.

ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலே நடந்தது அதனினும் விசித்திரம். 1834 இல், ஒல்லாந்து நாட்டு அரச ஆதரவு பெற்ற சபை பழைய உபதேசத்தைக் கைவிட்டதென்று கூறி, பழமைப் பற்றுள்ள விவசாயிகளும் கைத்தொழிலாளரும் பிரிந்து சென்றனர். அரசாங்கம் அவர்கள் கூட்டங்களைக் கலைத்தது, தண்டம் விதித்தது, அவர்கள் வீடுகளிலே போர்வீரரைக் கொண்டுவந்து குடியிருத்தியது. எம் பாட்டன்மாருக்குத் தண்டம் விதித்த அதே முறை தம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அவர்களுட் பலர் 1847 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மிச்சிகனிலும் அயோவாவிலும் காடு வெட்டிக் குடியேறினர். நாட்டிலேயே தங்கியோரின் குறையை ஏற்றுப் போராடிய ஆபிரகாம் கைப்பர் என்னும் போதகர் 1879 இல் கட்சி அமைத்தார். பின்னர் பிரதம மந்திரியுமானார். அவர் கேட்டதைக் கவனித்தல் வேண்டும். நாடு முழுவதையும் தம் சபைக்குள் அடைக்கும்படி அவர் கேட்கவில்லை. கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் மதம் வேண்டாதாருக்கும் தத்தம் பாடசாலை நடத்த ஒத்த உரிமையும் ஒத்த நிதியும் வேண்டும் என்றே கேட்டார். 1917 இல் அது அரசியலமைப்பிலே ஏறியது. பழமைபேணும் கிறிஸ்தவ அரசியல் என்றால் இதுவும் அதுதானே?

அமெரிக்காவின் கதைக்கு வருவோம். கருச்சிதைவை உரிமையாக்கிய 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், 1979 இல் ஜெரி பால்வெல் என்னும் போதகர் அமைத்த இயக்கம் சபைகளை வாக்குச் சாவடிக்கு அழைத்துச் சென்றது. 2022 இல் அத்தீர்ப்பு உயர் நீதிமன்றத்தாலேயே நீக்கப்பட்டது. அதனை வெற்றியென்று கொண்டாடும் அன்பர்களோடு இப்பொருளில் எமக்குப் பெரிய பிணக்கில்லை. ஆனால் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைச் சிதைப்பதை 1883 முதலே குற்றமாக வைத்திருக்கின்றது. அச்சட்டத்தினால் எமது குடும்பங்கள் தூய்மையடைந்துவிட்டனவா? மறைவாக நடப்பதை வைத்தியர்கள் எம்மினும் நன்கறிவர்.

2024 இல் லூசியானா மாநிலம் பொதுப் பாடசாலை வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிட வேண்டும் என்று சட்டமியற்றியது. உடனே வழக்கும் எழுந்தது. கட்டளைகள் பத்தென்பதில் எவருக்கும் பிணக்கில்லை. ஆனால் அவற்றை எண்ணும் முறை கத்தோலிக்கருக்கு ஒன்று, சீர்திருத்தச் சபையாருக்கு வேறொன்று. தொங்கவிடும் பலகையில் எவ்வாசகம் இருத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார்? சட்டமன்ற உறுப்பினர்! வேதத்தின் வாசகத்தை வாக்கெடுப்பாற் தீர்மானிக்கும் அதிகாரத்தை அவர்களுக்கு எந்தச் சபை கொடுத்தது? ரொஜர் வில்லியம்சு என்னும் பக்திமான் 1636 இல் பிராவிடன்சு நகரை நிறுவியதும், டான்பரி ஊர்ப் பப்திசுத்தர் 1801 இல் ஜனாதிபதி ஜெபர்சனுக்கு விண்ணப்பம் எழுதியதும், அரசாங்கத்தின் கை திருச்சபைக்குள் நீளாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே. அவர்கள் அவபக்தர் அல்லர். இன்று அவர்கள் வழிவந்தோரிற் பலரே அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கின்றனர்.

அமெரிக்கர் தம் நாட்டில் எது செய்தாலும் செய்யட்டும் என்று விட்டுவிடலாம். எம்மவர் அதற்குக் கைதட்டும்போது விட்டுவிட இயலவில்லை. இலங்கையிலே நாம் எங்கே நிற்கின்றோம்? 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பும், அதன்பின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையும் பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கின. 2003 இல் கத்தோலிக்கக் கன்னியர் மடமொன்றைக் கூட்டிணைக்கும் மசோதா உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, மதத்தைப் பரப்புதல் அடிப்படை உரிமையாகாது என்று முடிவு கூறப்பட்டது. 2004 இல் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் புகுந்து, மதமாற்றத்தைக் குற்றமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தனர். அது சட்டமாகவில்லை, ஆனால் அந்நாட்களில் எமது சபைகள் பட்ட அச்சம் சிறிதன்று. அன்று நாம் என்ன வாதம் செய்தோம்? பெரும்பான்மையோரின் மதம் என்பதற்காக அரசாங்கம் அதற்குப் பட்டம் கட்டலாகாது என்றோம். அதே நாவினால், பெரும்பான்மையோர் கிறிஸ்தவர் என்பதற்காக அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகத்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஒரு தராசுக்கு இரண்டு படிக்கல் வைத்திருக்கும் வணிகனைச் சந்தையிலே எவரும் நம்பார்.

பாடசாலைக் கதையும் இதுவே. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக்குள் இரவு பகலாகக் குடியிருந்து மறித்தனர். யாழ்ப்பாணக் கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் போன்ற சில, கட்டணம் அறவிடும் உரிமையை இழந்து தனியார் பாடசாலைகளாய்த் தத்தளித்து நின்றன. அன்று எமக்குத் துணையாக இருந்தது பெற்றோரின் உரிமை என்னும் ஒரே வாதம். அது சைவப் பெற்றோருக்கும் முஸ்லிம் பெற்றோருக்கும் எமக்கும் ஒன்றாகவே பொருந்தும் வாதம்.

அரசியலிலே கிறிஸ்தவன் எப்படி நிற்கலாம் என்பதற்குப் பிறநாட்டு உதாரணம் தேடுவது எமக்கு நாணத்தைத் தருகின்றது. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் கிறிஸ்தவர். அவர் நின்ற காங்கேசன்துறைத் தொகுதியிலோ சைவர்களே பெரும்பான்மை. 1952 இல் தோற்றார். 1956 முதல் 1970 வரை நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும், 1975 இடைத்தேர்தலிலும் அத்தொகுதி அவரையே தேர்ந்தது. வாக்குக்காக அவர் விபூதி பூசவில்லை. வாக்களித்த சைவ மக்களும் அதனைக் கேட்கவில்லை. தம் மதத்துக்கென ஒரு சலுகையையும் அவர் கோரவில்லை. 1976 இல் அவர் தலைமையிலே வட்டுக்கோட்டையில் நிறைவேறிய தீர்மானத்தைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டாலும், அதிலே மதச்சார்பற்ற அரசு என்ற சொல் இருப்பதை எவரும் மறுக்க இயலாது. அவருடைய விசுவாசம் அவர் சொல் தவறாமையிலே தெரிந்தது. சட்டப் புத்தகத்தில் ஏற வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

குடும்பத்தைக் காக்க வேண்டும் என்ற அன்பர்களுக்கு இன்னுமொன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. வாசகர் பொறுத்தருள்க, இது கசக்கும். எமது கோவில்களிலே திருமண அறிவித்தல் வாசிக்கப்படுமுன் சீதனப் பேச்சு முடிந்திருக்கின்றது. காணி எத்தனை பரப்பு, வீடு எங்கே, கையிற் காசு எவ்வளவு என்று போதகரின் வீட்டிலும் பேரம் நடக்கின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, உடுவிலிற் படித்துக் கிறிஸ்தவனை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது என்றால், இவ்வழக்கத்துக்கு எம் மார்க்கம் எவ்வளவு இலகுவாக வளைந்துகொடுத்தது பாருங்கள்! சாதி பார்த்தலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஞானஸ்நானத்திலே சகோதரன், சம்பந்தத்திலே அந்நியன். மூத்த மகளுக்குச் சீதனம் சேர்க்கத் தகப்பன் வங்கிக் கடனிலும், தம்பி கனடாவிலும், அண்ணன் பாரிசிலும், தாய் தனியே வீட்டிலும் இருக்கும் குடும்பத்துக்கு வாஷிங்டனில் எவர் ஆட்சி செய்தால் என்ன?

கருவிலிருக்கும் உயிரைக் காக்கப் பிரசங்கம் செய்யும் போதகர், பெண்பிள்ளை பிறந்த வீட்டிலே முகங்கள் வாடுவது ஏன் என்பதையும் ஒரு ஞாயிறு பேசலாம். அதற்கு எந்த மாநிலத்தின் சட்டமும் வேண்டியதில்லை. சீதனம் வாங்கிய மாப்பிள்ளைக்கு அறிவித்தல் வாசிப்பதில்லை என்று ஒரு சபைச் சங்கம் தீர்மானித்தாற் போதும். அந்த அதிகாரம் சபையிடமே இருக்கின்றது.

புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு இந்நாட்டிலே ஓய்ந்தபாடில்லை. மீண்டும் ஒரு வரைவு வரும்போது எமது திருச்சபைகள் மனு எழுதும். எழுதுவோர் பெரும்பாலும் நாம் முன்சொன்ன வழக்கறிஞரும் வைத்தியருமாகவே இருப்பர். அம்மனுவிலே எமக்கொரு பங்கு கேட்டு எழுதாதிருக்கும்படி அவர்களை வேண்டுகின்றோம். எந்த மதத்துக்கும் முதன்மைத் தானம் வேண்டாம், எமக்கும் வேண்டாம் என்று எழுதட்டும். கையொப்பமிடுமுன், தெல்லிப்பழை வீதியாற் போகும்போது பழைய கோவிலின் சுவரை ஒருமுறை நின்று பார்க்கட்டும்.