காசநோய்க் காலத்தில் வரும் பண உதவி: கிராமக் குடும்பத்துக்கு அது எவ்வளவு துணை நிற்கும்?

காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கு ஒன்றிய அரசு வழங்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் 1 முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. நிக்‌ஷய் போஷண் யோஜனா என்னும் இத்திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஆறு மாதச் சிகிச்சைக்கு மொத்தம் 6000 ரூபாய். சிகிச்சையின் தொடக்கத்தில் 3000 ரூபாயும், 84 நாள்கள் நிறைவுற்றபின் 3000 ரூபாயும் என இரு தவணைகளாக அது முன்பணமாகவே வழங்கப்படுகிறது.

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ இந்நோய் கண்டறியப்பட்டிருந்தால், இத்தொகையால் என்ன பயன் விளையும், எந்த இடத்தில் இது போதாது, இதன் முழுப் பயனையும் பெற நீங்கள் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று: இந்த உதவியின் பயன் தொகையின் அளவை மட்டும் பொறுத்ததன்று, அது வந்து சேரும் நாளையும் பொறுத்தது.

மருந்து இலவசம், ஆயினும் செலவு உண்டு

காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனினும் நோயாளியின் குடும்பம் வேறு வழிகளில் பணத்தை இழக்கிறது. நோய் இன்னதென்று தெரியும் முன்பே இருமலுக்கும் காய்ச்சலுக்கும் பல இடங்களில் மருத்துவம் பார்த்த செலவு, நகரத்துக்குச் சென்று வரும் பேருந்துக் கட்டணம், உடன் வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலி ஆகியவை சேர்ந்து பெருந்தொகையாகின்றன. அனைத்திலும் பெரிது, நோயாளியே வேலைக்குச் செல்ல இயலாமற்போவதால் ஏற்படும் வருவாய் இழப்பு.

காசநோயால் ஒரு குடும்பத்துக்கு ஏற்படும் செலவும் இழப்பும் அதன் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதனைப் பேரிடர்ச் செலவு என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. அந்நிலைக்கு வரும் குடும்பங்கள் ஆடு மாடுகளை விற்கின்றன, நகையை அடகு வைக்கின்றன, வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. பல வீடுகளில் முதலில் குறைவது உணவுதான். பருப்பும் முட்டையும் நின்றுபோய், சோறும் குழம்பும் மட்டும் எஞ்சுகின்றன. உடலுக்கு உணவு மிகவும் தேவைப்படும் காலத்திலேயே உணவு குறைந்துபோகிறது.

உணவுக்கும் குணமடைதலுக்கும் உள்ள தொடர்பு

சென்னையில் நடத்தப்பட்டு 1959இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. மருத்துவ விடுதியில் தங்கி நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களைப் போலவே, வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொண்டவர்களும் குணமடைந்தனர் என அது காட்டியது. மருந்தைத் தவறாது உட்கொள்வதே குணமடைதலின் அடிப்படை என்பது அதனால் உறுதியாயிற்று. இன்றும் அதில் மாற்றமில்லை. ஆயினும் உணவு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்தன.

சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதில் 2800 நோயாளிகளும் அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரும் பங்கேற்றனர். முதல் இரண்டு மாதங்களில் தம் எடையில் 5 விழுக்காடு கூடிய நோயாளிகளுக்கு, இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் நுண்ணூட்டச் சத்துகளும் வழங்கப்பட்ட குடும்பங்களில், புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் குறைவு 48 விழுக்காடு.

இவ்வாய்விலிருந்து இரண்டு செய்திகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, எடை கூட வேண்டிய காலம் முதல் இரண்டு மாதங்கள். 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 விழுக்காடு என்பது 2 கிலோதான். அது எட்டக்கூடிய இலக்கு. இரண்டாவது, நோயாளி மட்டும் நன்றாக உண்டால் போதாது. வீட்டிலுள்ள அனைவருக்கும் உணவு தேவை.

பணம் உணவாக மாறுமா?

அந்த ஆய்வில் வழங்கப்பட்டது உணவுப் பொருள். அரசு உங்களுக்கு வழங்குவது பணம். கையில் பணமாகக் கொடுத்தால் அது குடிக்கும் புகைக்கும் போய்விடும் என்று பலர் கூறுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014இல் தொகுத்துப் பார்த்தனர். பண உதவி பெற்றதனால் ஏழைக் குடும்பங்கள் மதுவுக்கும் புகையிலைக்கும் கூடுதலாகச் செலவிட்டன என்பதற்கு அவற்றில் பொதுவான சான்று ஏதும் கிடைக்கவில்லை.

பிரேசில் நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு 2003 முதல் வழங்கப்பட்டுவரும் ‘போல்சா ஃபமிலியா’ என்னும் மாதாந்தர உதவியைப் பற்றிய பேராய்வு ஒன்று 2025இல் வெளியாயிற்று. ஐந்து கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அது ஆராய்ந்தது. உதவி பெற்றோரிடையே காசநோய் ஏற்படுவது 41 விழுக்காடும், அந்நோயால் இறப்பது 31 விழுக்காடும் குறைவாகக் காணப்பட்டன. மிக வறிய நிலையில் உள்ளோரிடையே இக்குறைவு மேலும் அதிகமாக இருந்தது.

இவ்வெண்களை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. பிரேசிலின் உதவி நோய் வருமுன்பே குடும்பத்துக்குச் சென்றது, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. இங்கு வழங்கப்படும் தொகை நோய் கண்டறியப்பட்ட பின்னரே தொடங்கி, சிகிச்சையுடன் முடிவடைகிறது. குறுகிய காலத்துக்கே கிடைக்கும் தொகை என்பதால், அது காலந்தாழ்ந்தால் பயனும் பெரிதும் குறைந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் வந்து சேரும் முதல் தவணை கடனை அடைக்க உதவலாம். முதல் இரண்டு மாதங்களில் கூடியிருக்க வேண்டிய எடையை அது மீட்டுத் தராது.

தொகையின் எல்லை

மாதம் 1000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு குவளை பால் ஆகியவற்றுக்கு அது ஏறக்குறைய ஈடாகும். ஆனால் கூலி இழப்பை அது ஈடுசெய்யாது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2024-25ஆம் ஆண்டு நாளூதியம் 319 ரூபாய். அக்கணக்கில், ஒரு மாத உதவித்தொகை மூன்று நாள் ஊதியத்தைவிடச் சற்றே அதிகம்.

எனவேதான் பலர் உடல்நலம் சற்றுத் தேறியதும் வேலைக்கு ஓடுகின்றனர். இரண்டாம் மாத முடிவில் இருமல் குறைந்து பசி திரும்பும்போது, மாத்திரையை நிறுத்திவிட்டாலும் ஒன்றுமில்லை என்று தோன்றும். இது ஆபத்தான எண்ணம். அறிகுறிகள் மறைந்த பின்னும் கிருமிகள் உடலில் இருக்கும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம். வேலைக்குச் செல்லத் தொடங்குவது குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். வேலைக்குச் சென்றாலும் மாத்திரையைத் தொடருங்கள்.

தொகை காலத்தே கிடைக்க நீங்கள் செய்ய வேண்டியவை

• நோய் உறுதியான அன்றே உங்கள் பெயர் நிக்‌ஷய் இணையப் பதிவில் ஏற்றப்பட்டதா எனக் கேட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோருக்கும் இத்தொகை உண்டு. பெயர் பதிவாகியிருத்தல் வேண்டும்.

• வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் ஆதார் நகலையும் சுகாதாரப் பார்வையாளரிடம் கொடுங்கள். புத்தகத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் வேறுபட்டால் பணம் நின்றுபோகலாம்.

• நெடுநாள் பயன்படுத்தாத கணக்கு முடங்கியிருக்கக்கூடும். வங்கிக்குச் சென்று அதனை மீண்டும் செயற்படுத்துங்கள். கணக்கே இல்லையெனில், இருப்புத்தொகை தேவையற்ற ஜன் தன் கணக்கைத் தொடங்கலாம். அதுவும் இயலாவிடில், இரத்த உறவினர் ஒருவரின் கணக்கைக் கொடுக்க வாய்ப்புள்ளதா எனச் சுகாதாரப் பார்வையாளரைக் கேளுங்கள்.

• முதல் மாதம் முடிந்தும் தொகை வரவில்லையெனில் காத்திராதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 1800-11-6666 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தெரிவியுங்கள்.

• இத்தொகையைப் பெற எவருக்கும் கட்டணமோ அன்பளிப்போ தர வேண்டியதில்லை. தொலைபேசியில் அழைத்து இரகசிய எண் கேட்பவர்களிடம் எதையும் கூறாதீர்கள்.

பணம் வராத காரணத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ வேண்டாம். உதவித்தொகை தாமதமானாலும் மருந்து உடனே கிடைக்கும்.

பராமரிப்பவர்களுக்கு

வீட்டுச் செலவைக் கவனிப்பவர் நீங்கள் எனில், முதல் தவணை வந்தவுடன் அதனை மூன்று மாதங்களுக்கான உணவுப் பணமாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் அரிசி, 30 ரூபாய்க்கு வழங்கப்படும் ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு வழங்கப்படும் ஒரு லிட்டர் பாமாயில் ஆகியவற்றை மாதந்தோறும் தவறாமல் வாங்குங்கள். அரிசியும் பருப்பும் அங்கிருந்து வந்தால், உதவித்தொகையை முட்டை, பால், வேர்க்கடலை, மீன் போன்றவற்றுக்குச் செலவிடலாம். நோயாளிக்கு நீரிழிவும் இருந்தால் உணவு குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் நிறை குறியீட்டெண் 18.5க்குக் குறைவாக உள்ள நோயாளிகளுக்கு முதல் இரண்டு மாதங்கள் ஆற்றல் மிகுந்த ஊட்டச்சத்துப் பொருள் வழங்கவும் 2024இல் முடிவு செய்யப்பட்டது. கொடையாளர்கள் வழங்கும் உணவுப் பெட்டகம் நோயாளியுடன் வாழும் குடும்பத்தாருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் கேட்டுப் பெறுங்கள். வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகக் குழந்தைகள், காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்வதும், மருத்துவர் கூறினால் தடுப்பு மருந்து உட்கொள்வதும் இன்றியமையாதவை.

நோயாளியின் எடையை மாதந்தோறும் சுகாதார நிலையத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். எடை கூடவில்லை அல்லது குறைகிறது எனில் உடனே தெரிவியுங்கள். மூச்சுத்திணறல், கால்களில் வீக்கம், துணையின்றி எழுந்து நிற்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் நோய் கடுமையாகியிருக்கலாம். இத்தகையோரைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதற்காகவே, தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அந்நிலையில் உணவோ பணமோ மட்டும் போதாது. நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 108 அவசர ஊர்திக்குக் கட்டணமில்லை.