சுவரேறும் கொடிக்கு வாடகை எங்கே?

தேனி, போடி, கம்பம் என்று எந்த ஊரின் புது நகர்ப் பக்கம் போனாலும் இப்போது ஒரே காட்சிதான். நேற்று வரை வயலோ தோப்போ இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். வீட்டைச் சுற்றி ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர். சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று நர்சரியில் போய்க் கேட்டால் கையில் தருவது கர்ட்டன் கிரீப்பர். கொஞ்ச நாளில் மாடியிலிருந்து பச்சைத் திரை தொங்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி.

அந்தத் திரை வருஷம் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறது. பதிலுக்கு என்ன தருகிறது? தலையில் வைக்கப் பூ இல்லை, பொரிக்கக் காய் இல்லை, அரைக்க இலை இல்லை. நிழல் உண்டு, சரி. நிழலை எந்தக் கொடியும் தருமே! வாடகை கொடுக்காதவரை யாராவது வீட்டில் வைத்துத் தண்ணீரும் ஊற்றுவார்களா?

இந்தக் கூத்து எந்த ஊரில் நடக்கிறது என்பதுதான் பெரிய வேடிக்கை. கொடி வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்கே பாடம் நடத்தக்கூடிய பள்ளத்தாக்கு இது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், ஓடைப்பட்டி என்று கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கும் பூமி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சின்னமனூர்ப் பக்கம் அகத்தியில் ஏறும் வெற்றிலைக் கொடிக்கால். மலைக்கு மேலே போனால் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகு. மூன்றும் கொடிகள். மூன்றும் ஒழுங்காக வாடகை கட்டுகிற கொடிகள். பகலெல்லாம் அந்தப் பந்தலுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு வருகிறவர், சாயங்காலம் வீட்டுச் சுவரில் சும்மா தொங்கும் திரைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரண்டை எந்தக் குடும்பம் தெரியுமா? திராட்சைக் குடும்பம். தாவரவியல் புத்தகத்தில் இரண்டும் 'வைட்டேசி' என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. ஒரு சொந்தக்காரிக்குக் கல்தூண் பந்தல், சொட்டுநீர், மருந்து, கவாத்து என்று ராஜ மரியாதை. இன்னொரு சொந்தக்காரியை, பிளாட் போட்ட அன்றே ஜேசிபி வைத்து வேலியோடு பிடுங்கிப் போட்டாகிவிட்டது.

அந்த வேலி சாதாரணமானதா? கிளுவையும் கள்ளியும் நட்ட உயிர்வேலி அது. அதன் மேல் பிரண்டை, கோவை, முசுமுசுக்கை, முடக்கத்தான், தூதுவளை எல்லாம் கேட்காமலே ஏறிக் கிடக்கும். சளி பிடித்தால் தூதுவளை, மூட்டு வலித்தால் முடக்கத்தான் தோசை, வாய் கசந்தால் பிரண்டைத் துவையல். பேரிலேயே வேலியை வைத்திருக்கும் வேலிப்பருத்தியில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு அந்த இலையைத் தின்றே வளரும். இன்று அதே குடும்பம் சந்தையில் காசு கொடுத்துப் பிரண்டைக் கட்டு வாங்குகிறது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் பிரண்டையைக் காட்டினால், "இது என்ன கள்ளியா?" என்று கேட்கிறது. வேலி போனதில் உண்மையான நஷ்டம் அந்தக் கேள்விதான்.

உடனே, "அயல்நாட்டுச் செடி எல்லாம் ஒழிக!" என்ற கோஷம் என்று நினைக்க வேண்டாம். பன்னீர் திராட்சையே வந்தேறிதான். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். வந்தது, உழைத்தது, ஊருக்குச் சோறு போட்டது. மறுபக்கம், நம்மூர்க் கோவை ஹவாய்த் தீவுக்குப் போய் மரங்களையும் மின்கம்பங்களையும் மூடி, அங்கே பெரிய களையாக நிற்கிறது. நாட்டுக்கொடி என்பதாலேயே எல்லாம் சாதுவும் அல்ல. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர்தான். அதன் கிழங்கோ கொடிய விஷம். குன்றிமணி விதையும் அப்படியே. குழந்தைகள் விளையாடும் வேலிக்கு இரண்டும் ஆகாது. ஆகவே பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பயனில்லை. நடத்தையைப் பார்க்க வேண்டும்.

நடத்தையைப் பார்த்தால் சில பேர் தேறவே மாட்டார்கள். சுவரோடு ஒட்டிப் படரும் சின்ன இலை ஃபைகஸ் கொடி வேரால் சுவரைக் கவ்விக்கொள்ளும். வேண்டாம் என்று பிய்த்தால் பெயின்ட்டும் பூச்சும் சேர்ந்து வரும். கொடி ரோஸ் மெக்சிகோவிலிருந்து வந்தது. மேலே வெட்டினாலும் கீழே கிழங்கு இருக்கும், மறுபடி முளைக்கும், காம்பவுண்டைத் தாண்டி ரோட்டோரப் புதரையும் மூடும். அழகுக்கு என்று கொண்டுவந்த உன்னிச்செடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டை என்ன செய்திருக்கிறது என்பதை மேகமலை ஏறும்போது பார்த்தாலே போதும். காகிதப்பூவுக்கு மட்டும் பாதி மார்க் போடலாம். தண்ணீர் அதிகம் கேட்காது, திருடனுக்கு முள் காட்டும்.

இங்கே காற்றையும் மறக்கக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களுக்குப் பழமொழி, தேனிக்காரர்களுக்கு அனுபவம். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக வரும் காற்றில், கவாத்தே பார்க்காத அடர்ந்த கொடி பாய்மரம் மாதிரி வேலை செய்யும். மெல்லிய ஹாலோபிளாக் சுவர் அந்த இழுப்பை எத்தனை வருஷம் தாங்கும்?

"நாட்டுக்கொடி வைத்தால் பாம்பு வரும்" என்பார்கள். பாம்பு கொடியின் ஊரைப் பார்த்து வருவதில்லை, எலியைப் பார்த்து வருகிறது. அடியில் குப்பையும் செங்கலும் குவித்து வைத்தால் கர்ட்டன் கிரீப்பருக்குக் கீழேயும் வரும். தரையிலிருந்து ஒரு முழம் வரை இலையைக் கழித்து விட்டால் பாதி பயம் தீர்ந்தது.

"காய்கறிக் கொடி ஆறு மாசத்தில் காய்ந்துவிடுமே, சுவர் அசிங்கமாகிவிடுமே" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இரண்டு வகையையும் கலந்து வைக்க வேண்டும். பிரண்டை, கோவை, முல்லை, சங்குப்பூ ஆகியவை வருஷக்கணக்கில் நிற்பவை. இடையிடையே ஆடிப்பட்டத்தில் அவரை, பீர்க்கு, புடலை விதை போடலாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 என்ற பெயரிலேயே பீர்க்கும் உண்டு, புடலையும் உண்டு. கூப்பிடு தூரத்தில் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது! கோவைக்கு விதை வேண்டாம், நல்ல காய் காய்க்கும் கொடியிலிருந்து தண்டு வெட்டி நட்டால் போதும். காட்டுக் கோவை பல சமயம் கசக்கும், அதனால் தண்டு எடுக்குமுன் காயைக் கடித்துப் பார்ப்பது நல்லது.

சுவரைக் கெடுக்காமல் ஏற்றுவதற்கும் பெரிய வித்தை தேவையில்லை. சுவரிலிருந்து அரை ஜாண் தள்ளிக் கம்பி இழுத்துக் கட்டினால் கொடி கம்பியில் ஏறும், பூச்சு பிழைக்கும், நடுவில் காற்றும் போகும். பந்தலுக்குக் கம்பி இழுக்கத் தெரிந்த ஊருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டுமா என்ன?

அடுத்த முறை நர்சரிக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும். இது என்ன தரும்? சுவரைத் தாண்டி எங்கே போகும்? ஆடிக் காற்றுக்கு நிற்குமா? மூன்றுக்கும் பதில் இல்லாத செடியை அங்கேயே வைத்துவிட்டு, வருகிற வழியில் இன்னும் பிடுங்கப்படாத ஏதாவதொரு வேலியில் இரண்டு கணு பிரண்டை ஒடித்து வரலாம். செலவு இல்லை. அந்த வேலி அடுத்த வருஷம் இருக்குமா என்பதுதான் சந்தேகம்.