தளத்துக்கு அடியில் ஒரு குழாய்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

அணுமின் நிலையத்திலிருந்து வெளியே வரும் ஊழியர் உடலில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். அதில் வியப்பில்லை. வீட்டிலிருந்து வேலைக்கு உள்ளே நுழையும்போதே மணி ஒலித்தால்? 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லிமரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளருக்கு நேர்ந்தது இதுதான். அந்த நிலையமோ அப்போது மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கவே இல்லை. ஆராய்ந்து பார்த்ததில் குற்றவாளி அவருடைய வீடு! அங்கே ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி ரேடான் இருந்தது. வீட்டைச் சீர்செய்தாக வேண்டும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பின்னர் குறித்த அளவு வெறும் 4. குடும்பம் வீட்டைக் காலி செய்தது. சீர்செய்த பிறகே திரும்பியது.

ரேடான் நமக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு மந்த வாயு. தேர்வில் இரண்டு மதிப்பெண். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து ரேடான் பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. அரை ஆயுள் 3.8 நாட்கள். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் நுரையீரலில் தங்கி ஆல்ஃபா துகள்களை வீசுகிறது. அமெரிக்காவில் இதனால் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக அந்த முகமை 2003இல் மதிப்பிட்டது.

நம் ஊர் வீடுகளில் கதவும் சன்னலும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். குளிர் நாட்டில் அப்படி முடியுமா? அடைத்துப் பூட்டிய வீட்டுக்குள் சூடான காற்று மேலெழும்பிக் கசிந்து வெளியேற, கீழே அழுத்தம் குறைகிறது. தரையின் விரிசல் வழியே மண்ணின் வாயுவை வீடே உறிஞ்சிக் கொள்கிறது. ஆகவேதான் அயர்லாந்து 1998 ஜூலை முதல் புதிய வீடு ஒவ்வொன்றின் தளத்துக்கடியிலும் வாயு சேரும் குழி ஒன்றை அமைக்க வேண்டும் என்று விதித்தது. ரேடான் மிகுந்த பகுதிகளில் தடுப்பு விரிப்பும் கட்டாயம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2009இல் இதே வழியில் சென்றது: ஜல்லிப் பரப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அங்கிருந்து கூரைக்கு மேலே செல்லும் ஒரு குழாய்.

இதை விடுதியில் சொன்னபோது வணிகவியல் நண்பன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். “சொந்த வீட்டைக் கட்டுகிறவனை அரசு ஏன் வற்புறுத்த வேண்டும்? அடுத்த வீட்டில் ரேடானே இல்லாமல் இருக்கலாமே! அவனும் ஏன் செலவழிக்க வேண்டும்?” என்றான். நியாயமான கேள்விதான். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் கூட அளவு மாறும் என்பது உண்மை. ஆனால் கட்டி முடிக்கும் முன் எந்த வீட்டில் எவ்வளவு என்று கணிக்கவும் வழியில்லையே! மேலும், கட்டுகிறவர் ஒருவர், வாங்குகிறவர் வேறொருவர், அங்கே தவழ்கிற குழந்தை மூன்றாவது ஆள். முடிவு முதல்வருடையது, மூச்சு மற்றவர்களுடையது. சட்டம் நுழைய வேண்டிய இடம் இதுவன்றி வேறெது?

புகை பிடிப்பதை விட்டாலே இந்த மரணங்களில் பெரும்பகுதி குறையும் என்பார்கள். மறுக்கவில்லை, ரேடானும் புகையும் சேர்ந்தால் ஆபத்து பலமடங்கு. அதே மதிப்பீட்டில் புகையே பிடிக்காதவர்கள் சுமார் 2,900 பேர் உண்டே, அவர்களுக்கு என்ன பதில்?

என் அப்பா கொத்தனார். “மண்ணுக்குள்ள போற வேலையத்தான் முதல்ல ஒழுங்காச் செய்யணும். வெளிய தெரியிறத எப்ப வேணும்னாலும் செஞ்சுக்கலாம்” என்பார். குழாயை முதலிலேயே பதித்தால் சில நூறு டாலர். தளம் போட்ட வீட்டை உடைத்துப் பதித்தால் அதைப்போல் பல மடங்கு.

விடுமுறையில் அவரிடம் இதையெல்லாம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குழாய் போட்டாச்சு, சரி. அப்புறம் வாயு நின்னுச்சான்னு யாராச்சும் பாத்தாங்களா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. விரிப்பில் ஒரு கிழிசல் போதும், எல்லாம் வீண். அயர்லாந்தில் விதிப்படி கட்டிய புது வீடுகளிலும் சிலவற்றில் அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது. குழிக்கு விசிறி மாட்டினால் குறைத்துவிடலாம். அளந்து பார்த்தால்தானே மாட்டத் தோன்றும்? குழாயைக் கட்டாயமாக்கும் சட்டம், குடியேறிய பின் அளப்பதையும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். அது பெரிய வேலையும் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கருவிகள் இரண்டு. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மூன்று மாதம் வைத்திருந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும்.