கட்டளையிடக் கற்றல்

நுழையும்முன்
கணினியைப் பயன்படுத்தத் தெரிந்த தலைமுறை உருவாகிவிட்டது. கணினி எவ்வாறு செயல்படுகிறது என்பதை உணர்ந்த தலைமுறை இனித்தான் உருவாகவேண்டும். திரையைத் தொட விரல் போதும். திரைக்குப் பின்னுள்ள ஒழுங்கை அறியக் கல்வி வேண்டும். அக்கல்வியை எந்த வயதில், எம்மொழியில், எவ்வழியில் தொடங்குவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மார்கழி விடியலில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கிறாள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நடுவில் ஏழு புள்ளிகள். மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று எனக் குறைந்துவரும் வரிசைகள். ஒரு புள்ளி தவறினாலும் கம்பி சேராது என்பதை அவள் அறிவாள். கோடு எங்கே வளையவேண்டும், அதே வளைவு எத்தனை முறை திரும்ப வரவேண்டும், தொடங்கிய கோடு எங்கே வந்து முடியவேண்டும் என்பனவெல்லாம் அவள் மனத்தில் ஒழுங்காக அமைந்துள்ளன. அன்று பள்ளித் தேர்வில் அவளுக்கு ஒரு வினா: 'கணினியின் தந்தை யார்?' 'சார்லஸ் பாபேஜ்' என எழுதி ஒரு மதிப்பெண் பெறுகிறாள். உண்மையில், அவள் வாசலில் செய்ததே கணினி அறிவியலுக்கு நெருக்கமானது. விடைத்தாளில் எழுதியது ஒரு பெயர் மட்டுமே. கணினிக் கல்வி வாசலை விட்டுவிட்டு விடைத்தாளைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதே இன்றைய குறை.

கோலமும் கணினியும்

கோலத்திற்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் இணைந்து கோலங்களை ஆராய்ந்தனர். சிறு அலகுகளைத் திரும்பத் திரும்ப அமைத்துப் பெரிய வடிவத்தை உருவாக்கும் விதிகளை அவர்கள் கணினி அறிவியலின் இலக்கணமாக வகுத்துக் காட்டினர். அவ்வாய்வுக்கட்டுரை 1974ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவழிக் கற்பித்த ஒன்று, கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்குப் பொருளாயிற்று. அக்கோலத்தை நாள்தோறும் இடும் சிறுமிக்கு மட்டும் அச்செய்தி சென்று சேரவில்லை.

இயக்கமும் சிந்தனையும்

தட்டச்சு செய்தல், படம் வரைதல், கோப்பைச் சேமித்தல், இணையத்தில் தேடுதல் ஆகியன கணினியை இயக்கும் திறன்கள். இவை தேவையானவை, ஆனால் இவை கணினி அறிவியல் ஆகா. மிதிவண்டி ஓட்டுவது வேறு. அதன் சங்கிலியும் பற்சக்கரமும் விசையை எவ்வாறு கடத்துகின்றன என்று அறிவது வேறு. ஒரு சிக்கலைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், அவற்றுள் பொதுவானதைக் காணுதல், வேண்டாததை விலக்குதல், தீர்வைப் படிப்படியான நெறிமுறையாக எழுதுதல், தவறு நேர்ந்த இடத்தைத் தேடித் திருத்துதல் ஆகியனவே கணினி அறிவியலின் உயிர்நிலை. 2006ஆம் ஆண்டு ஜெனட் விங் என்னும் கணினி அறிஞர் இத்திறனைக் 'கணினிவழிச் சிந்தனை' எனச் சுட்டி, படித்தலும் எழுதுதலும் கணக்கும் போல இதுவும் எல்லார்க்கும் உரியது என வாதிட்டார்.

இவ்வேறுபாட்டை உணராமையால் நேரும் இழப்பிற்கு இங்கிலாந்து ஒரு சான்று. அங்குப் பள்ளிகளில் கணினிப்பாடம் நெடுங்காலமாகவே இருந்தது. எனினும் மாணவர் பலர் அடிப்படை இயக்கத்திறன்களுக்கு அப்பால் எதையும் பெறவில்லை என 2012இல் அந்நாட்டு ராயல் கழகத்தின் அறிக்கை சுட்டிக்காட்டியது. பாடம் புதுப்பிக்கப்பட்டு, 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கே நெறிமுறை, நிரல் ஆகியவற்றின் தொடக்கக் கருத்துகள் கற்பிக்கப்படலாயின. தென்கொரியா 2018 முதல் நடுநிலை வகுப்புகளில் மென்பொருள் கல்வியைக் கட்டாயமாக்கியது. அண்டை மாநிலமாகிய கேரளம் 2001இல் தொடங்கிய திட்டத்தின்வழிக் கட்டற்ற மென்பொருள்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது.

தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புகளில் சி++, பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அங்கு அது விருப்பப் பாடம். உயிரியலையோ வணிகவியலையோ வரலாற்றையோ தேர்ந்தெடுக்கும் மாணவர் பலர் நிரல் ஒன்றைக்கூட எழுதாமலே பள்ளியை விட்டுச் செல்ல நேர்கிறது. கீழ்வகுப்புகளில் கணினி, அறிவியல் பாடநூலின் ஓர் அலகாக இடம்பெறுகிறது. கல்வியாண்டின் இறுதியில், திருப்புதல் தேர்வு நெருங்கும் வேளையில், அந்த அலகு விரைந்து கடக்கப்படுவது இயல்பாகிவிடுகிறது. பதினாறாம் வயதில் முதன்முதலாக நிரலைக் காணும் மாணவர், அயல்மொழிக் குறியீடுகளைப் பொருளறியாமல் மனப்பாடம் செய்ய முனைவதில் வியப்பில்லை. அடித்தளம் இடாமல் மாடி கட்டியவர், சுவரின் விரிசலுக்குச் சுவரைக் குறைகூறுதல் முறையன்று.

ஆமை கற்பித்த பாடம்

1967ஆம் ஆண்டு சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் குழந்தைகளுக்கென 'லோகோ' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். பின்னர் அதனோடு ஆமை ஒன்று சேர்ந்தது. முதலில் தரையில் ஊரும் பொறியாகவும் பிறகு திரையில் நகரும் உருவமாகவும் அவ்வாமை அமைந்தது. 'நூறு அடி முன்னே செல். தொண்ணூறு பாகை திரும்பு' என்னும் கட்டளைகளை நான்கு முறை கொடுத்தால் சதுரம் பிறக்கும். முக்கோணம் வரைய முயலும் குழந்தை அறுபது பாகை திரும்பச் சொல்லும். ஆமையோ வேறு திசையில் செல்லும். குழந்தை எழுந்து தானே நடந்து பார்க்கும். முனையில் திரும்பவேண்டிய கோணம் அறுபதன்று, நூற்றிருபது என்பது அப்போது புலப்படும். வெளிக்கோணம் என்னும் வடிவியல் கருத்தை அக்குழந்தை தன் உடம்பால் கற்றுக்கொள்கிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிற பாடங்களில் தவறு என்பது சிவப்பு மையால் சுழிக்கப்படுவது. நிரலிலோ தவறு என்பது திருத்தப்படுவது. எந்தத் தேர்ந்த நிரலரும் முதல்முறையிலேயே பிழையின்றி எழுதுவதில்லை. 'தவறாகிவிட்டது' எனத் துவளாமல், 'எந்த வரியில் தவறியது?' எனத் தேடும் மனப்பாங்கு பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேரூன்றினால், அது கணக்கிலும் மொழியிலும் வாழ்விலும் கைகொடுக்கும். 2007இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த 'ஸ்கிராட்ச்' மென்பொருளும் இந்நோக்கில் உருவானதே. தட்டச்சுப் பிழைக்கு அஞ்சாமல், வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தியே அதில் நிரல் அமைக்கலாம்.

மின்சாரமில்லா வகுப்பு

கணினி இல்லாத பள்ளியில் கணினி அறிவியலைக் கற்பிக்க முடியுமா என்னும் வினா எழலாம். முடியும் என்பதை நியூசிலாந்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடன் இணைந்தோரும் 1990களிலேயே காட்டினர். அவர்கள் வகுத்த விளையாட்டு ஒன்றிற்கு ஐந்து அட்டைகள் போதும். அவற்றில் முறையே 16, 8, 4, 2, 1 புள்ளிகள் இருக்கும். ஐந்து மாணவர் அவற்றை ஏந்தி நிற்பர். அட்டையைக் காட்டினால் 1, மறைத்தால் 0. ஒன்பது வேண்டுமெனில் எட்டும் ஒன்றும் மட்டும் முகம் காட்டும். 01001 என இருநிலை எண் பிறக்கும். சுழியம் முதல் 31 வரை எவ்வெண்ணையும் இவ்வாறு அமைக்கலாம்.

தமிழ் மாணவர்க்கு இவ்விரட்டிப்பு புதிதன்று. நேர், நிரை என அசைகள் இரண்டு. ஈரசை சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் எனச் சீர்கள் நான்கு. மூவசை சேர்ந்தால் எட்டு. நாலசை சேர்ந்தால் பதினாறு. இரண்டே குறிகளைக்கொண்டு எத்தனை வேறுபாடுகளைக் காட்டலாம் என்பதை யாப்பிலக்கணம் வாய்பாடாகவே தந்துள்ளது. செய்யுளை அலகிடக் கற்ற மாணவருக்கு இருநிலை எண்முறையைக் கற்பிப்பது, தெரிந்த தெருவில் புதிய வீட்டைக் காட்டுவது போன்றதே.

அகராதியும் ஒரு பாடப்பொருளே. ஆயிரம் பக்கமுள்ள அகராதியில் ஒரு சொல்லை முதல் பக்கத்திலிருந்து தேடினால் ஆயிரம் பக்கத்தையும் புரட்ட நேரலாம். நடுவில் திறந்து, சொல் முன்னுள்ளதா பின்னுள்ளதா எனப் பார்த்துப் பாதியைத் தள்ளிக்கொண்டே வந்தால் பத்து முறை திறப்பதற்குள் பக்கம் கிடைத்துவிடும். பக்கங்கள் பத்து இலட்சம் ஆனாலும் இருபது முறையே போதும். ஒரு சிக்கலுக்கு விடை காண்பது ஒரு திறன். சிறந்த வழியில் காண்பது அதனினும் உயர்ந்த திறன். இவ்வேறுபாட்டை உணர்த்த ஓர் அகராதியும் ஒரு பாடவேளையும் போதும்.

தாய்மொழியில் நிரல்

இலக்கண நூலாரின் விதிகள் நிரலின் இயல்பினவே. நிலைமொழியின் ஈற்றில் இ, ஈ, ஐ இருந்து வருமொழி உயிரில் தொடங்கினால் யகர உடம்படுமெய் தோன்றும். ஏகாரமாயின் யகரமும் வகரமும் வரும். ஏனைய உயிர்களாயின் வகரம் தோன்றும். மணி + அடித்தான் = மணியடித்தான்; சே + அடி = சேயடி, சேவடி; பூ + அழகு = பூவழகு. 'இன்னது இருந்தால் இன்னது செய். இல்லையேல் வேறொன்று செய்' என்னும் நிபந்தனைக் கூற்றின் வடிவம் இது. இவ்விதியை எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் நிரலாக்கி, 'காசு' என்னும் சொல்லோடு 'இல்லை' என்பதைக் கொடுத்துப் பார்க்கட்டும். நிரல் 'காசுவில்லை' என்று விடை தரும். 'காசில்லை' என்றல்லவா வரவேண்டும்? குற்றியலுகரம் உயிர்வரின் கெடும் என்னும் விதியை முன்னதாகச் சேர்க்கவேண்டும் என்பதை மாணவர் தாமே உணர்வார். கணினிக்குக் கற்பிக்க முனைந்தவர் இலக்கணத்தை ஐயமறக் கற்றுவிடுகிறார்.

சிந்தனை தாய்மொழியில் நிகழ்வதால் நிரலின் முதற்படியும் தாய்மொழியில் அமைதல் நலம். அயல்மொழிச் சொல்லின் எழுத்துக்கூட்டலும் நிரலின் ஏரணமும் ஒருசேரத் தாக்கினால் இளம் மாணவர் இரண்டினின்றும் விலகிவிடுவர். நெறிமுறையைத் தமிழில் எழுதிப் பழகியவர், பின்னர் எந்நிரல்மொழிக்கும் எளிதில் மாறலாம்.

தெரிந்து தெளிவோம்
முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்பது தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் கட்டற்ற கணினிமொழி. திரையில் ஒன்றைக் காட்டுவதற்குரிய கட்டளை 'பதிப்பி' என்பதாகும். நிபந்தனையை முன்னே எழுதி, அதன்பின் 'ஆனால்' என எழுதும் முறை, தமிழ்த்தொடரின் இயல்போடு பொருந்துகிறது.

எழும் ஐயங்கள்

'ஏற்கெனவே சுமக்கும் பாடங்கள் போதாவா?' என்பர் சிலர். இது நியாயமான கவலை. அதற்கு விடை, மற்றொரு நூலையும் தேர்வையும் சேர்ப்பதன்று. வாரத்தில் இரு பாடவேளை, எழுத்துத்தேர்வு இல்லை, செய்து காட்டுவதே மதிப்பீடு என அமைத்தால் சுமை கூடாது. 'சிறுவர் திரையை நோக்கியே இருந்துவிடுவரே' என்பது மற்றோர் அச்சம். நிகழ்படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தை நுகர்வோராகிறது. சிறு விளையாட்டொன்றை உருவாக்கும் குழந்தை படைப்போராகிறது. மேலும், மேற்சொன்ன பாடங்களுள் பல திரையே வேண்டாதவை.

'செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதும்போது மாணவர் ஏன் கற்கவேண்டும்?' என்பது புதிய வினா. கணிப்பான் வந்தபின்னும் பள்ளிகள் வாய்பாட்டைக் கைவிடவில்லை. பொறி தரும் விடை சரியா என அறியவேண்டுமெனில், விடை எவ்வாறு பிறக்கிறது என்று அறிந்திருத்தல் வேண்டும். கடன் தரலாமா, வேலைக்கு அழைக்கலாமா என்பன போன்ற முடிவுகளை நிரல்கள் எடுக்கத் தொடங்கியுள்ள காலத்தில், அவற்றை நோக்கி 'ஏன்?' என வினவத் தெரியாத குடிமக்கள் தம் உரிமையை அறியாமலே இழப்பர். எனவே இக்கல்வியை மென்பொருள் வேலைக்கான முன்பயிற்சியாக மட்டும் காணுதல் கூடாது. உழவராகவும் செவிலியராகவும் வழக்கறிஞராகவும் வளரப்போகும் குழந்தைகளுக்கும் இது உரியது.

செய்யத்தக்கன

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்துள்ளன. அவற்றின் கதவுகள் ஆறாம் வகுப்பு மாணவர்க்கும் திறக்கவேண்டும். பழுதாகிவிடும் என்று அஞ்சிப் பூட்டிவைத்த கணினி, பழுதான கணினியைவிட எவ்வகையிலும் மேலானதன்று. கணினி அறிவியல் பயின்ற ஆசிரியர்கள் கீழ்வகுப்புகளுக்கும் நியமிக்கப்படவேண்டும். கணக்காசிரியரும் மொழியாசிரியரும் பங்குகொள்ளும் பயிற்சிகள் நடைபெறவேண்டும்.

நகரத்துச் சிறுவர் சிலர் கட்டணம் செலுத்தி மாலைநேரப் பயிற்சி மையங்களில் நிரல் கற்கின்றனர். சிற்றூர்ச் சிறுமிக்குப் பள்ளி ஒன்றே வாயில். அவ்வாயில் மூடியிருந்தால், இருவர்க்கும் இடையில் இன்று காணப்படும் சிறு இடைவெளி, பத்தாண்டுகளில் கடக்கவியலாப் பள்ளமாகிவிடும். புள்ளி வைத்துக் கோலமிடும் கைக்கு ஒழுங்கைக் கற்பிக்கவேண்டியதில்லை. அவ்வொழுங்கின் பெயரைச் சொல்லி, அதைப் பயன்படுத்தும் வாய்ப்பைத் தந்தால் போதும். பொறியின் கட்டளைக்குப் பணியாமல், பொறிக்குக் கட்டளையிடும் ஆற்றலை அவள் பெறுவாள். அதை ஆறாம் வகுப்பிலேயே அவளுக்கு வழங்குவது பள்ளியின் கடமை.